ஆறாம் நம்பர் பூட்ஸு

ஏனம்மிணி, மேட்டுப்பாளையத்துல ஏறுனதுலேர்ந்து என்ற காலையே பாத்துட்டு வர்ற. கேக்கலாம்னு வாயெடுக்கற, அப்பறம் சன்னல் பக்கம் திரும்பிக்கற. கேளு, தப்பில்ல. நூல்சேலைக்குக் கீழ இத்தாப்பெரிய பூட்ஸைப் போட்டுட்டு ஒரு பொம்பள பஸ்ஸுல உக்காந்திருந்தா நானுந்தான் பாப்பேன். பாக்கறதோட விடமாட்டேன். இது யாருது, எங்கிருந்து எடுத்துட்டு வந்திருப்பான்னும் யோசிப்பேன். இது என்னோடதுதான். ஏழாம் நம்பரு.

அந்தப் பையைச் சித்தே அந்தப் பக்கம் நகத்தி வெய்யி. உன்னைச் சொல்லல. பஸ்ஸுன்னா நாலு பேரு வருவாங்க போவாங்க, பொதுவாச் சொல்றேன்.

கோத்தகிரி போறேன் கண்ணு. அங்க எங்க ஆளுங்க பத்துப் பன்னெண்டு பொம்பளைங்க வருவாங்க. நடக்கறக்கு. ஆமா, சும்மா நடக்கறக்குத்தான். மலைமேல ஏறி, அந்தப் பக்கம் எறங்கி, புளிச்சோறு தின்னுட்டு ஊட்டுக்கு வர்றது. கோயிலும் இல்ல, ஒறம்பரை ஊடும் இல்ல. உனக்குச் சிரிப்பு வருதுல்ல? எனக்கு அப்பச் சிரிப்பு வரல. சந்தேகந்தான் வந்துச்சு.

என்ற மருமவ பேரு அஜிதா. மார்த்தாண்டம் பக்கம். என்ற பையன் நந்தகுமாரு காலேஜுல படிக்கையில பாத்துப் புடிச்சுக் கட்டிக்கிட்டான். நாங்க கோபிச்செட்டிபாளையம். எங்க பக்கம் பொண்ணே இல்லாத மாதிரி எரநூறு மைலு தாண்டிப் போய்க் கொண்டாந்தான். சரி, வந்துட்டா. வந்த அன்னிக்கு என்னை 'மாமி'ன்னு கூப்பிட்டா. மாமியா? நான் என்ன அய்யரு ஊட்டம்மாளா? அவிங்க ஊருல மாமியாளை அப்படித்தான் கூப்புடுவாங்களாம். சோறு ஆக்கிப்போட்டா வாயில வெச்சுப் பாத்துட்டு 'கொள்ளாம் மாமி'ம்பா. நான் ஆறு மாசம் அது 'கொள்ளாது'ன்னே நெனச்சுட்டு இருந்தேன். நல்லா இருக்குதுன்னு அர்த்தமாம்! அப்படிச் சொன்னாத்தானே தெரியும்?

எங்க ஊட்டுக்காரரு காலமாயி வருசம் திரும்புனதுக்கப்பறம் பையன் என்னைக் கோயமுத்தூருக்குக் கூட்டிட்டு வந்துட்டான். வடவள்ளியில ஊடு. அவன் மஸ்கட்டுல வேலை பாக்கறான், வருஷத்துக்கு ஒருக்கா வருவான். இவ பேங்க்ல வேலை. ஆக ஊட்டுல நானும் அவளும். ரெண்டு பொம்பளைங்க, ரெண்டு மொழி மாதிரி.

வாரத்துல ஆறு நாளு அவ மொகம் செத்துக் கெடக்கும். கேட்டதுக்குப் பதில் சொல்லுவா, போட்டதைத் தின்னுவா, அவ்வளவுதான். ஞாயித்துக்கெழமை ஆனா வெடியால அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, ஒரு பூட்ஸை மாட்டிட்டுக் கெளம்பிருவா. "எங்க போற?"ன்னா, "நடக்கப் போறேன் மாமி." மத்தியானம் மூணு மணிக்கு வருவா. வர்றப்ப மொகத்தைப் பாக்கோணும் நீ. அப்படியொரு களை! கன்னமெல்லாம் செவந்து, கண்ணு ரெண்டும் வெளிச்சமா. நீயே சொல்லு, ஆறு நாளு இல்லாத களை ஏழாவது நாளு எங்கிருந்து வரும்?

நான் அவ பூட்ஸைப் பாப்பேன். ஊட்டுக்குப் பின்னால பொடக்காலியில கழட்டி வெச்சிருப்பா. ஒரு வாரம் அடியில செம்மண்ணு. அடுத்த வாரம் கறுப்பு மண்ணு. ஒரு வாரம் கயித்துல நாயுருவி ஒட்டியிருக்கும். ஒரு எடத்துக்குப் போறவளுக்கு எதுக்கு வாரத்துக்கு ஒரு மண்ணு? நடக்கறதுன்னா வடவள்ளியில ரோடு இல்லையா?

பையன் போன் பண்ணுனப்பச் சொன்னேன். குத்தம்னு சொல்லல கண்ணு. "ஞாயித்துக்கெழமையானா எங்கயோ போறா சாமி, யாரு கூடன்னு தெரியல, நீயே கேட்டுக்க"ன்னு அவ்வளவுதான் சொன்னேன். பெத்தவ வேற என்ன சொல்லுவா? "சரிம்மா"ன்னு வெச்சுட்டான்.

அதுக்கப்பறம் ஒரு சனிக்கெழமை. பேங்க் லீவு. நான் மத்தியானம் சோறு தின்னுட்டுக் கட்டில்ல படுத்துக் கண்ணசந்துட்டேன். உள்ளங்காலுல என்னமோ ஊருது. பூரானாட்ட இருக்குதுன்னு வெடுக்குனு எந்திரிச்சா, இவ! கட்டிலுக்குக் கீழ குந்தி உக்காந்துட்டு, என்ற காலடியில ஒரு நியூஸ் பேப்பரை ஒட்டிப் புடிச்சு, பென்சில்ல சுத்தி வரைஞ்சுட்டு இருக்கறா!

"என்ன பண்ற?"ன்னேன்.

"ஒண்ணுமில்ல மாமி. ஒறங்குங்க"ன்னு பேப்பரைச் சுருட்டிட்டுப் போயிட்டா.

ஒறங்குங்களாம்! எப்படி ஒறங்கறது? காலடி மண்ணெடுத்துச் செய்வினை வெப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கறல்ல? எங்க பக்கம் ஒரு பண்ணாடி, பெரிய தோட்டக்காரரு, அப்படித்தான் மூணு மாசத்துல கையும் காலும் வெளங்காமப் போனாரு. மண்ணுக்கே அந்தச் சக்தின்னா, பாதத்தையே வரைஞ்சு எடுத்துட்டுப் போனா? அதுவும் இவ அந்தக் கேரளா ஓரத்துக்காரி. மந்திரமெல்லாம் அங்கிருந்துதானே இங்க வருது?

அன்னிக்கே ரெண்டு காலையும் மஞ்சத்தண்ணியில கழுவுனேன். வாசப்படியில உப்பு வெச்சேன். மருதமலைக்குப் போயித் திருநீறு வாங்கியாந்து ரெண்டு பாதத்துலயும் பூசிட்டுப் படுத்தேன். அந்தப் பேப்பரைத் தேடுனேன் பாரு, ஊட்டுல ஒரு மூலை பாக்கி இல்ல. அவ பீரோவுலகூட. கெடைக்கவே இல்ல.

திங்கக்கெழமை பேங்க் விட்டு வந்தா. "மாமி, கெளம்புங்க. ஒரு கடைக்குப் போவோம்"னா.

"எதுக்கு? காத்தால போலாமே, லீவு போட்டுட்டு."

"சாயங்காலந்தான் போணும் மாமி. அப்பந்தான் கால் சரியா இருக்கும்."

என்ற காலுக்கு நேரம் பாக்கறாளேன்னு எனக்குத் திக்குனு ஆச்சு. ஆனாப் போகோணும்னு தோணுச்சு. போனாத்தானே என்ன பண்றான்னு தெரியும்?

ஆர்.எஸ்.புரத்துல மாடியில ஒரு கடை. கடை பூரா பூட்ஸு, முதுகுப்பை, கம்பு. கடைக்காரரு பேரு இருதயராஜ். நரைச்ச மீசை. இவளைப் பாத்ததும், "வாம்மா அஜிதா"ங்கறாரு. பேரு தெரிஞ்சிருக்குது! மேசைமேல பாத்தா, கண்ணு, அந்த நியூஸ் பேப்பரு. என்ற ரெண்டு காலும் அதுல படுத்துக் கெடக்குது.

"உங்க கால்தானாம்மா இது?"ன்னு சிரிக்கறாரு. "படுத்திருக்கறப்ப வரைஞ்சா சரியா வராதுன்னு சொன்னேன். ஒடம்பு கனம் எறங்குனாத்தான் பாதம் விரியும். நில்லுங்க."

அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு, செய்வினை இல்ல, செருப்பு வாங்கறதுக்குன்னு. "கேட்டா வேண்டாம்பீங்கன்னுதான் மாமி"ங்கறா அவ. வெளங்கறதுக்குள்ள அடுத்த சந்தேகம் வந்துருச்சு. எனக்கெதுக்கு பூட்ஸு?

"அடுத்த மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை நீங்களும் எங்க கூட மலைக்கு வாரீங்க"ன்னா.

பாத்தியா! மலை. நெட்டுக்குத்தலா ஒரு எடம், வயசான மாமியா, கால் தவறிருச்சுன்னு நாலு பேருகிட்டச் சொன்னா முடிஞ்சுது. நான் ஒண்ணும் காட்டிக்கல. சரின்னு தலையாட்டுனேன்.

அந்த மனுசன் ஒரு பலகையில என்னை நிக்க வெச்சு ரெண்டு காலையும் அளந்தாரு. எடது காலு வலது காலை விடப் பெருசாம். அறுவது வருசமா என்னோட இருக்கற காலு, எனக்குத் தெரியாதா? அப்பறம் மொத்தமா ஒரு சாக்ஸு குடுத்தாரு, போட்டுக்கச் சொன்னாரு. நாள் பூரா நடந்தா சாயங்காலம் காலு வீங்கும், மலையில நடந்தாலும் அதே மாதிரி வீங்கும், அதனாலதான் சாயங்காலம் வரச் சொல்றதுன்னாரு. ஆறாம் நம்பரு குடுத்தாரு, ஏழாம் நம்பரு குடுத்தாரு. கடைக்குள்ளயே மரத்துல ஒரு சறுக்கு செஞ்சு வெச்சிருக்கறாரு. அதுல ஏறச் சொன்னாரு, எறங்கச் சொன்னாரு.

"ஏறும்போது எல்லாப் பூட்ஸும் நல்லாத்தான் இருக்கும். எறங்கறப்பச் சொல்லுங்க. விரலு முன்னால இடிக்குதா? பின்னால குதிகாலு தூக்குதா?"

ஆறுல எறங்குனப்பக் கட்டைவிரலு போயி முன்னால முட்டுச்சு. ஏழுல முட்டல. நான் என்ன சொன்னேன்னா, "ஆறுதான் சரியா இருக்குது."

ஏன்னு கேளு. அவ காலு ஏழு! நானே பொடக்காலியில பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பாத்திருக்கறேன்ல, அடியில ஏழுன்னுதான் போட்டிருக்கும். மாமியாளுக்குன்னு ஏழு வாங்கி, நான் ரெண்டு நாளு போட்டுட்டு மூலையில வெச்சா, யாரு போட்டுக்குவா? எனக்குப் புரியாதா? கடைக்காரருக்கும் விக்காமக் கெடக்கறதைத் தள்ளி உடோணும். வளர்ற கொழந்தைக்குத்தான் பெருசா எடுப்பாங்க, எனக்கென்ன காலு வளரப் போகுதா?

"நெசமா இடிக்கலையாம்மா?"

"இடிக்கல."

"மாமி, ஏழு எடுங்க மாமி. முன்னால ஒரு வெரக்கடை எடம் வேணும்"னு இவ கெஞ்சறா. கெஞ்சக் கெஞ்ச எனக்குப் புடிவாதம் ஏறுது. ஆறையே வாங்கிட்டு வந்தோம். "ஊட்டுக்குள்ள தெனமும் ஒரு மணி நேரம் போட்டு நடங்க, ரெண்டு வாரம். இடிச்சா மாத்திக்கலாம்"னு அந்த மனுசன் சொல்லி அனுப்புனாரு. நான் பெட்டியைத் தொறக்கவே இல்ல. போடாத பூட்ஸுன்னாத்தானே கடையில திருப்பி எடுப்பாங்க? இவ எண்ணம் என்னன்னு தெரிஞ்சதுக்கப்பறம் கொண்டுபோயிக் குடுத்துப்போடலாம்னு வெச்சிருந்தேன்.

கெளம்பறதுக்கு மொத நாளு ஒரு சீட்டு எழுதுனேன். 'எனக்கு மலையில ஏதாச்சும் ஆனா அதுக்கு என் மருமகள்தான் பொறுப்பு. இப்படிக்கு துளசிமணி.' எழுதி நாலா மடிச்சு அரிசி டின்னுக்கு அடியில வெச்சேன். சிரிக்காத. ஒரு முன்ஜாக்கிரதை.

தை மாசம், பொங்கல் போயி ரெண்டாவது ஞாயிறு. ஆனைகட்டிப் பக்கம் ஒரு மலை. வேன்ல போனோம். பன்னெண்டு பொம்பளைங்க. அதுல பெரியவங்க மனோன்மணியம்மா, ரிட்டையர் ஆன கால்நடை டாக்டரு. மாட்டு டாக்டரு மனுசங்களைக் கால்நடையாக் கூட்டிட்டுப் போறாங்க பாத்துக்க. ஆளுக்கொரு விசிலு குடுத்தாங்க. பின்தங்குனா ஊதோணுமாம். வழி காட்ட வனத்துறை ஆளு ஒருத்தரு வந்தாரு. நான் எல்லா மொகத்தையும் பாத்தேன். அந்தக் கூட்டத்துல ஆம்பளைன்னா அவரு ஒருத்தருதான். அம்பது வயசுக்கு மேல, நிக்கறப்பெல்லாம் இருமறாரு. இவரா? சேச்சே, இருக்காதுன்னு விட்டுட்டேன்.

ஏறறப்ப ஒண்ணுமே தெரியல. சொல்லப்போனா நல்லாவே இருந்துச்சு. காத்து, நெல்லிக்கா மரம், எல்லாப் பொம்பளைங்களும் மாமியாளைப் பத்தி, மேனேஜரைப் பத்திப் பேசிச் சிரிச்சுட்டு வர்றாங்க. அஜிதா பேசல. ஆனாப் பத்தடிக்கு ஒருக்கா என்னைத் திரும்பிப் பாத்தா. "பைய வாங்க மாமி"ம்பா. எதுக்கு இத்தனை தடவை பாக்கறான்னு நான் பள்ளத்துப் பக்கம் போகாம உள்பக்கமாவே நடந்தேன். உச்சியில டப்பா குடுத்தா, தயிர்சோறு. அதை வேண்டாம்னு சொல்லிப்போட்டு அவ டப்பாவை வாங்கித் தின்னேன். ரெண்டும் ஒரே சோறுதான்.

எறங்க ஆரம்பிச்சோம் பாரு.

அம்மிணி, அந்த வலியை எப்படிச் சொல்றது? ஒவ்வொரு அடிக்கும் பத்து விரலும் போயி செவுத்துல மோதுது. ஒடம்பு மொத்தமும் கீழ தள்ளுது, பூட்ஸு விடமாட்டேங்குது. நூறடி போனேன், எரநூறடி போனேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு. சொல்லல. சொன்னா என்னம்பாங்க? 'ஏழு எடுக்கச் சொன்னோமே'ம்பாங்க. பல்லைக் கடிச்சுட்டு, பக்கவாட்டுல நண்டாட்டம் நடந்தேன். எல்லாரும் முன்னால போயிட்டாங்க. இவ மட்டும் நின்னுட்டா.

"மாமி, உக்காருங்க."

"எனக்கொண்ணுமில்ல, நீ போ."

"உக்காருங்க மாமி"ன்னு கையைப் புடிச்சு ஒரு பாறையில உக்கார வெச்சா. கால்மாட்டுல குந்தி கயித்தை அவுத்து, பூட்ஸை உருவுனா. வெள்ளைச் சாக்ஸு முன்பக்கம் செவந்து கெடக்குது. ரெண்டு கட்டைவிரல் நகமும் கருத்து, ஒண்ணு பாதி பேந்து நிக்குது. என்னாலயே பாக்க முடியல. அவ மொகத்தைச் சுளிக்கல கண்ணு. தண்ணியை ஊத்திக் கழுவி, துணியைக் கிழிச்சுச் சுத்துனா. அப்பறம் அவ பூட்ஸைக் கழட்டுனா.

"எனக்க ஷூவைப் போடுங்க."

"நீ என்ன பண்ணுவ?"

"சாக்ஸோட எறங்கிடுவேன்."

முள்ளும் கல்லுமா இருக்குது, சாக்ஸோடயாம்! நான் என்ற பையிலிருந்து ரப்பர் செருப்பை எடுத்தேன். நம்பிக்கையில்லாம அதையும் கொண்டு போயிருந்தேன். அதைப் பாத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துருச்சு. "கொள்ளாம் மாமி"ன்னா. அன்னிக்கு எனக்கு அது சரியா காதுல விழுந்துச்சு.

அந்த ஏழு இருக்குதே, காலு உள்ள போனதும் விரலுங்க பத்தும் தனித்தனியாப் பிரிஞ்சு படுத்துச்சு. பொய் சொல்லக் கூடாது. அந்த மனுசன் சொன்னது சரிதான்.

பத்து நிமிசம் எறங்கியிருப்போம். நான் முன்னால, அவ பின்னால. காஞ்ச எலை மூடுன எடம். அவ போட்டிருந்த ரப்பர் செருப்பு வழுக்கி விட்டுருச்சு. 'அம்மே'ன்னு ஒரு சத்தம். திரும்பறதுக்குள்ள என்னைத் தாண்டி நாலடி உருண்டு ஒரு மரத்துல போயி நின்னா. எடது கையை மடியில வெச்சுட்டு உக்காந்திருக்கறா, மணிக்கட்டு இருக்க வேண்டிய பக்கம் இல்ல. மொகம் சுண்ணாம்பு.

நான் விசிலை எடுத்து ஊதுனேன் பாரு, அந்த மலையில இருந்த குருவியெல்லாம் பறந்திருக்கும். ஊதிட்டு ஓடிப்போயி அவ பக்கத்துல உக்காந்தேன். அவ தலையை எடுத்து என்ற தோள்ல சாச்சுக்கிட்டேன். கலியாணமாயி அஞ்சு வருசத்துல அவளை நான் தொட்டதே இல்லைன்னு அப்பத்தான் நெனப்பு வந்துச்சு.

ஆளுங்க வர நேரமாச்சு. வலி தெரியாம இருக்கோணும்னு நான் என்னென்னமோ பேசுனேன். "ஏஞ்சாமி உனக்கு இந்த மலையும் மண்ணும்? ஊட்டுல சொகமா இருக்கக் கூடாதா?"ன்னேன்.

அப்பத்தான் சொன்னா. பாதி அழுகையில, பாதி வலியில.

எங்க ஊட்டுக்காரரு காலமாயி நாலாம் மாசம், அவ வயித்துல இருந்தது அஞ்சு மாசத்துல போயிருச்சாம். நந்தகுமாரு மஸ்கட்டுல. அவ அம்மா படுக்கையில. பேங்க்ல கூட வேலை செய்யற பொண்ணு ஒருத்திதான் ஆஸ்பத்திரியில கூட இருந்திருக்குது. "நீங்க மாமாவைப் பறிகொடுத்துட்டு இருந்தீங்க. இதையும் எப்படிச் சொல்றதுன்னு வேண்டாம்னுட்டேன் மாமி"ன்னா. நான் அப்பக் கோபிச்செட்டிபாளையத்துலயே இருந்தேன், மாசமா இருந்ததும் எனக்குத் தெரியாது, போனதும் எனக்குத் தெரியாது. "ஊட்டுல இருந்தா அதே நெனப்பு. மனோன்மணி டாக்டர் பேங்குக்கு வருவாங்க, அவங்கதான் ஒரு நாள் வந்து நடந்து பாருன்னாங்க. நடக்கும்போது மட்டும் அது கொஞ்சம் தள்ளி நிக்கும் மாமி."

மூணு மணிக்கு அவ மொகத்துல இருந்த களை எங்கிருந்து வந்துச்சுன்னு ஒரு வருசமா நான் தேடிட்டு இருந்தேன்ல. அதுதான்.

அப்பறம் அவ சொன்னா, "அவரு எனக்கிட்டப் பேசி நாப்பது நாளாச்சு. ஞாயித்துக்கெழமை யாரு கூடப் போறேன்னு கேட்டாரு. நான் சொன்னதை நம்பல. யாரோ அவருகிட்டச் சொல்லியிருக்காங்க. அதான் உங்களைக் கூட்டிட்டு வந்தேன் மாமி. கண்ணால பாத்தவங்க சொன்னா நம்புவாருல்ல?"

சொல்லிட்டு என்ற மொகத்தையே பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா.

யாரு சொன்னாங்கன்னு அவளுக்குத் தெரியாது கண்ணு. இன்னிக்கு வரைக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா என்னைப் போயிக் கூட்டிட்டு வந்திருப்பாளா? காலைக் கழுவி விட்டிருப்பாளா? பாவம், வெவரமில்லாதவ.

மனோன்மணியம்மா வந்து ரெண்டு குச்சியை வெச்சுத் துணியில கட்டுனாங்க. மாட்டுக்கு வைத்தியம் பாத்த கைதான், ஆனாப் பூவாட்டம் தொட்டாங்க. கீழ கூட்டிட்டு வந்து, வேன்ல ஆஸ்பத்திரி. உள்ள மாவுக்கட்டு போட்டுட்டு இருக்கறப்ப நான் வெளிய நின்னுட்டு நந்தகுமாருக்குப் போன் போட்டேன்.

"டேய், உன்ற பொண்டாட்டி கை ஒடைஞ்சு கெடக்கறா. அவகிட்டப் பேசாம என்னடா பண்ணிட்டு இருக்கற?"

அவன் பதறிட்டான். எல்லாத்தையும் சொன்னேன். பன்னெண்டு பொம்பளைங்க, ஒரு மாட்டு டாக்டரு, நான் கண்ணால பாத்தேன்னேன். "அவ தங்கம்டா. அவளைப் போயிச் சந்தேகப்பட்டிருக்கறயே, உனக்கு மனசாட்சி இருக்குதா?"

"அம்மா, நீங்கதானேம்மா சொன்னீங்க?"

"நான் ஆயிரம் சொல்லுவேன். நீ நம்பிடறதா?"

"அவளுக்கே பேசறேம்மா"ன்னு வெச்சுட்டான். எங்கிட்டப் பேசறதுக்கு என்ன இருக்குது, தப்பு அவன் மேல.

அன்னிக்கு ஊட்டுக்கு வந்ததும் மொத வேலையா அரிசி டின்னைத் தூக்கி அந்தச் சீட்டை எடுத்தேன். நாலா மடிச்சு வெச்சது ரெண்டா மடிச்சிருந்துச்சு. நாந்தான் அவசரத்துல அப்படி மடிச்சிருப்பேன். தாறுமாறாக் கிழிச்சு அடுப்புல போட்டேன்.

ஆறு வாரம் அவளுக்குக் கட்டு. தலை வாரி விட்டேன், சோறு பெசஞ்சு குடுத்தேன். என்ற நகம் விழுந்து புதுசா மொளைச்சதும், ஒரு சாயங்காலம் நானே பஸ் ஏறி இருதயராஜ் கடைக்குப் போனேன். "ஏழு குடுங்க"ன்னேன். அந்த மனுசன் ஒரு வார்த்தை குத்திப் பேசல. திரும்பவும் நிக்க வெச்சு அளந்தாரு, சறுக்குல எறக்குனாரு, "இடிக்குதாம்மா?"ன்னாரு. "இல்லீங்க"ன்னேன். அதுக்கப்பறம் ரெண்டு வாரம் இதைப் போட்டுட்டுத்தான் ஊட்டுக்குள்ள தோசை சுட்டேன், தொவச்ச துணி காயப்போட்டேன். பக்கத்து ஊட்டுக்காரி செவுத்து மேல எட்டிப் பாத்தா. பாக்கட்டும்.

பங்குனியிலிருந்து நானும் அவளும் ஒட்டுக்காத்தான் போனோம். ஒரு ஞாயிறு விட்டதில்ல. சித்திரையில நந்தகுமாரு இருவது நாளு லீவுல வந்தான். ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசிட்டு இருந்தாங்க. அவனையும் ஒரு நாளு மலைக்குக் கூட்டிட்டுப் போனோம். பாதி வழியிலேயே நாக்கைத் தொங்கப்போட்டுட்டு உக்காந்துட்டான்.

அவ எங்கன்னு கேக்கறயா? அதான் விசயம். மூணு வாரமா அவ வர்றதில்ல. "நீங்க போயிட்டு வாங்க மாமி, எனக்கு அலுப்பா இருக்கு"ங்கறா. அவளுக்கா அலுப்பு? காப்பித்தூள் டப்பாவைத் தொறந்தா எந்திரிச்சு வாசலுக்குப் போயிடறா. மாடிப்படி ஏறறப்பச் செவுத்தைப் புடிச்சு ஒவ்வொரு படியா ஏறறா. போன செவ்வாக்கெழமை பேங்குக்கு லீவு போட்டுட்டு எங்கயோ போயிட்டு வந்தா. எங்க போனன்னு நான் கேக்கல.

கேக்கவே இல்ல கண்ணு. போன தடவை மாதிரி ஆயிருமோன்னு அவளுக்குப் பயம். வாய்விட்டுச் சொன்னாக் கரைஞ்சு போயிருமோன்னு பயம். சொல்ற அன்னிக்குச் சொல்லட்டும். நான் பாட்டுக்கு வெடியால எந்திரிச்சு அவளுக்கு முன்னால தண்ணிக் கொடத்தை எடுத்து வெச்சர்றேன். காப்பியை விட்டுட்டு ராகிக்கஞ்சிக்கு மாறிட்டேன், எனக்கு ஒத்துக்கலைன்னு சொல்லிட்டு. நெல்லிக்கா ஊறுகா போட்டேன். "எனக்குத்தான், நாக்கு செத்துப் போச்சு"ன்னேன். ரெண்டு நாள்ல பாதிப் பாட்டலு காலி. நான் ஒண்ணு கூடத் தின்னல. யாருகிட்டயும் மூச்சு விடல. உங்கிட்டத்தான் சொல்றேன், நீ எறங்கிப் போயிருவ.

நேத்து சாயங்காலம் நந்தகுமாரு போன் பண்ணுனான். "அஜிதா எப்படிம்மா இருக்கறா?"

"நல்லா இருக்கறா."

"ஞாயித்துக்கெழமை நீங்க மட்டுந்தான் போறீங்களாமே, அவ ஏன் வர்றதில்ல?"

"எனக்கென்னடா தெரியும்? அலுப்பா இருக்கும்."

"என்னம்மா, நீங்க எதையோ மறைக்கறாப்பல இருக்குதே. குரலே சரியில்லையே. நெசத்தைச் சொல்லுங்க, ஊட்டுல என்ன நடக்குது?"ன்னு தொளைச்சுத் தொளைச்சுக் கேக்கறான்.

பெத்த தாயையே சந்தேகப்படறான் கண்ணு. அவங்கப்பா அப்படியாப்பட்ட மனுசனே இல்ல. எங்கிருந்துதான் வந்துச்சோ அவனுக்கு இந்தப் புத்தி!